செத்தால் முப்பது லட்சம், பிழைத்தால் ஓ.பி. சீட்டு

மலக்குழி மரணச் செய்திகளின் கடைசி வரியைக் கவனித்திருக்கிறீர்களா, தோழர்களே? "விஷவாயு தாக்கி இருவர் பலி" என்று தலைப்பு இருக்கும். யார் முதலில் இறங்கினார், யார் காப்பாற்றப் போனார், ஒப்பந்தக்காரர் கைதானாரா, உறவினர்கள் உடலை வாங்க மறுத்தார்களா என்று நான்கு பத்தி ஓடும். கடைசியில் ஒற்றை வரி: "மற்றொருவருக்கு அரசு மருத்துவமனையில் தீவிர சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது."

அந்த மற்றொருவர் என்ன ஆனார்? மறுநாள் பத்திரிகையில் அவர் இல்லை. அரசின் பட்டியலில் இல்லை. ஆர்ப்பாட்டம் நடத்திய நம் துண்டறிக்கையிலும் இல்லை. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

மேற்கு மாவட்டம் ஒன்றில் அப்படி ஓர் அண்ணனை எனக்குத் தெரியும். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அருந்ததியர் குடியிருப்பு. கழிவுநீர் லாரியில் பதினைந்து வருட வேலை. ஓர் உணவு விடுதியின் செப்டிக் டேங்க். லாரி உறிஞ்சியது போக அடியில் கெட்டிப்பட்டிருந்த கசடைக் கிளறிவிட ஒரு பையன் இறங்கினான், மேலே வரவில்லை. அவனைத் தூக்க அண்ணனின் மச்சான் இறங்கினார். அவரும் வரவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அண்ணன் இறங்கினார். மயங்கியவரை மேலே இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். இரண்டு சாவு, ஒரு "தீவிர சிகிச்சை".

இரண்டாம் நாள் டிஸ்சார்ஜ். "ஆக்ஸிஜன் நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். அன்றிரவே நெஞ்சு அடைத்து, நுரை தள்ளி, கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓடினார்கள். உயிர் தங்கியது. இரண்டு வருடம் கழித்து இன்று அவரால் ஒரு மாடி ஏற முடியாது. ராத்திரி படுத்தால் இருமல், உட்கார்ந்துதான் தூக்கம். மனைவி நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணிக்குப் போகிறார். போன மாதம் பார்த்தபோது அண்ணன் சொன்னார்: "தம்பி, நானும் அன்னைக்கே செத்திருந்தா ஊட்டுக்காவது காசு வந்திருக்கும்."

ஒரு மனிதனைத் தன் உயிர் தப்பியதற்காக வருத்தப்பட வைக்கிற ஏற்பாட்டுக்கு நிவாரணம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதைத்தான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாயு என்ன செய்கிறது

முதலில் உடம்பைப் புரிந்துகொள்வோம். மருத்துவம் தெரியாத போராட்டக்காரனை எந்த அதிகாரியும் எளிதாக ஏய்த்துவிடலாம்.

மலக்குழியில் பல வாயுக்கள் உண்டு. மீத்தேன், அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு. ஆளைச் சாய்ப்பதில் முதலிடம் ஹைட்ரஜன் சல்பைடுக்கு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு இதுதான். காற்றைவிடக் கனமானது, அதனால் குழியின் அடியிலேயே தங்கும். கசடைக் கிளறும்போது மொத்தமாக வெளியேறும். நம் நாட்டின் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேர வேலையில் சராசரியாக 10 பிபிஎம் வரைதான் அனுமதித்தது. 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. "நாத்தம் கொறஞ்சிருச்சு, இறங்கலாம்" என்று தோன்றுகிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். 1000-ஐ எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்வான்.

செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் வழியையே இந்த வாயு அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்கும், உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவி "நார்மல்" என்று காட்டுவதை மட்டும் நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இன்னொன்று, இந்த வாயு ஈரமான சவ்வுகளை எரிக்கும். கண், தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரலின் காற்றுப்பைகள் எல்லாமே ஈரமானவை. எரிந்த நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அது உடனே நடக்க வேண்டியதில்லை. சில மணி நேரம் கழித்தும் வரலாம், மூன்று நாள் வரை தாமதமாகவும் வரலாம். அண்ணனுக்கு வந்தது இந்த மாதிரித்தான்.

நீர் வடிந்த பிறகும் கதை முடிவதில்லை. சிலருக்கு மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் கோபக்காரனாகிவிடுகிறது. தூசு, புகை, குளிர்காற்று எது பட்டாலும் ஆஸ்துமா போலச் சுருங்கும். சிலருக்குச் சின்னச் சின்னக் காற்றுவழிகள் தழும்பேறி அடைபடும். சிலருக்கு நுரையீரலே இறுகும். மூளைக்கு ஆக்ஸிஜன் தடைபட்டிருந்தால் மறதி, தலைவலி, தடுமாற்றமும் வரும். இதில் பல பாதிப்புகள் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. குழாயில் ஊதி நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில்தான் தெரியும். அந்தப் பரிசோதனையை அண்ணனுக்கு இரண்டு வருடமாக யாரும் எழுதித் தரவில்லை. ஓ.பி.யில் போய் நின்றால் கேட்ட கேள்விகள் இரண்டு: "பீடி பிடிப்பியா?" "குடிப்பியா?" பிறகு டி.பி. இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை. இல்லை என்று வந்ததும் இருமல் மருந்து.

பீடி பிடிப்பார்தான். குழிக்குள் இறங்குமுன் குடித்ததும் உண்டு. அந்த நாற்றத்தில் சுயநினைவோடு இறங்கிப் பாருங்கள், பிறகு அறிவுரை சொல்லுங்கள். பழியை முதலாளியிடமிருந்து தொழிலாளியின் பழக்கவழக்கத்துக்கு மாற்றிவிடுகிற வேலையை ஓ.பி. மேசையில் ஒரே ஒரு கேள்வி செய்து முடித்துவிடுகிறது.

சட்டத்தில் நுரையீரலுக்குக் கட்டம் இல்லை

"உச்ச நீதிமன்றம்தான் இழப்பீடு கொடுக்கச் சொல்லிவிட்டதே" என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறது. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

அந்த 2023 தீர்ப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது. நம்மில் பலரும் அதை வாசிப்பதில்லை. உயிர் பிழைத்து ஊனமுற்றவருக்குப் பாதிப்பின் தீவிரத்தைப் பொறுத்து இழப்பீடு, எப்படியும் 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது. நிரந்தர ஊனமாகி வாழ்வாதாரம் இழந்தால் 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. இது நீதிமன்றத்தின் கட்டளை.

அண்ணனின் மனுவோடு நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். கிடைத்த பதில்: "ஊனச் சான்றிதழ் கொண்டு வாங்க." சான்றிதழ் வாங்கப் போனோம். அங்கே கிடைத்த பதில்: "இதுக்கெல்லாம் சான்றிதழ் கிடையாது."

அந்த இரண்டாவது அதிகாரி சொன்னது பொய்யில்லை. அதுதான் கொடுமை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. பார்வை, செவி, கை கால், குள்ளத்தன்மை, மனநோய், தலசீமியா, பார்க்கின்சன், அமில வீச்சு என்று நீளுகிற அந்தப் பட்டியலில் நுரையீரல் இல்லை. பாதி மூச்சில் வாழ்கிறவன் அந்தப் பட்டியலின்படி முழு ஆரோக்கியமானவன். உச்ச நீதிமன்றம் ஊனத்துக்கு இழப்பீடு என்கிறது. அதிகாரி சான்றிதழ் கேட்கிறார். சான்றிதழ் தரும் சட்டம் நுரையீரலை ஊனமாகவே ஏற்பதில்லை. மூன்றும் சேர்ந்து அவரைச் சட்டப்படியே ஏமாற்றுகின்றன. இதில் யாரும் லஞ்சம் வாங்க வேண்டியதில்லை, யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்ட வேண்டியதில்லை. எல்லோரும் விதிப்படி நடந்தாலே போதும்.

சுகாதாரக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் கழிவுநீர்த் தொழிலாளர்களைப் பதிவுசெய்து ஆயுஷ்மான் அட்டை தருகிறார்கள். அட்டை படுக்கையில் சேர்ந்தால் பேசும். தினமும் இன்ஹேலர் இழுக்கிறவனின் மாதச் செலவுக்கும் வேலைக்குப் போகாத நாளின் கூலிக்கும் அந்த அட்டை வாய் திறக்காது.

பிணம் மட்டுமே ஆதாரம்

நாடாளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி வரும்போதெல்லாம் அரசு ஒரு பட்டியல் வைக்கும். மாநிலம், இறந்தவர் எண்ணிக்கை, இழப்பீடு பெற்ற குடும்பங்கள். 1993 முதலான கணக்கில் நம் தமிழ்நாடு திரும்பத் திரும்ப முதலிடத்தில் நிற்கிற பட்டியல் அது. சமூக நீதி மண் என்று மேடையில் பேசுகிறவர்கள் அதைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நான் பார்த்த பட்டியல்கள் எதிலும் காயம்பட்டுப் பிழைத்தவர்களுக்கு ஒரு பத்தி இல்லை.

ஏன் இல்லை? சாவை மறைப்பது கடினம். பிணம் இருக்கிறது, பிரேதப் பரிசோதனை இருக்கிறது, உடலை வாங்க மாட்டோம் என்று பிணவறை வாசலில் உட்காரும் சொந்தபந்தம் இருக்கிறது. அப்படி இருந்தும் "இது கையால் மலம் அள்ளியதால் நேர்ந்த சாவு அல்ல, ஆபத்தான முறையில் சாக்கடை சுத்தம் செய்ததால் நேர்ந்த சாவு" என்று நாடாளுமன்றத்தில் வார்த்தையைப் பிரித்து விளையாடுகிறார்கள். சாவையே பெயர் மாற்றுகிறவர்கள் இருமலையா கணக்கில் எழுதுவார்கள்?

இது புதிதுமல்ல. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஆலையை ஒட்டிய குடிசைப் பகுதிகள் முதலில் மாட்டின. 1989-இல் 47 கோடி டாலருக்குக் கணக்கை முடித்தார்கள். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பாதிப்பு "தற்காலிகக் காயம்" என்று வகைப்படுத்தப்பட்டது. தொகை முதலில் ஆளுக்கு 25,000 ரூபாய் அளவில்தான் போனது. அந்தத் "தற்காலிகக்" காயத்தோடு மக்கள் நாற்பது வருடமாக மூச்சிரைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஏழையின் நுரையீரல் என்று வந்தால் "சரியாகிவிடும்" என்பது மருத்துவக் கணிப்பு மட்டுமில்லை, செலவைக் குறைக்கிற வழியும்தான்.

ஆனால் முடியாது என்பது பொய். ராஜஸ்தானைப் பாருங்கள். கல் குவாரியிலும் கல் செதுக்கும் பட்டறைகளிலும் சிலிக்கா தூசு தின்று மடிந்த தொழிலாளர்கள் நீண்ட காலம் போராடி, 2019-இல் அந்த மாநில அரசைத் தனிக் கொள்கையே கொண்டுவர வைத்தார்கள். மருத்துவக் குழு நுரையீரல் நோயை உறுதிசெய்து சான்று தரும். சான்று கிடைத்ததும், ஆள் உயிரோடு இருக்கும்போதே, 3 லட்சம். இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம். அது போதுமா என்பது வேறு கேள்வி. நுரையீரலைச் சான்றளிக்க முடியும், பிழைத்திருப்பவனுக்குப் பணம் கொடுக்க முடியும் என்பதை ஒரு மாநிலம் காட்டிவிட்டது. தமிழ்நாட்டுக்கு என்ன தடை?

வேலை எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகிறது

சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதி பிறப்பால் தொழிலைத் தீர்மானிக்கிறது என்று வகுப்பில் படிக்கிறோம். இந்தக் காலத்தில் அது எப்படி நடக்கிறது? யாரும் மனுநூலைக் காட்டி வேலைக்குக் கூப்பிடுவதில்லை. நமஸ்தே திட்டத்தில் முதலில் பதிவான சுமார் 38,000 சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காடு பட்டியல் சாதியினர். சட்டம் தடைசெய்த பிறகும் இந்த எண் எப்படி நிற்கிறது?

அண்ணன் வீட்டில் நான் பார்த்த பதில் இது. அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. இழப்பீடு வரவில்லை. மருத்துவமனைக் கடன் வட்டியோடு நிற்கிறது. கடனில் ஒரு பகுதி லாரி முதலாளி கொடுத்தது. ஒருநாள் முதலாளியின் ஆள் வந்து கேட்டான்: "பெரியவன் சும்மாதான இருக்கான், லாரியில அனுப்பு, கடன் கழியட்டும்." பெரியவன் பத்தாம் வகுப்பு.

மறுக்கப்பட்ட இழப்பீடு வெறும் பணப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். அப்பாவின் நுரையீரலுக்கு அரசு கொடுக்காத பத்து லட்சத்தை மகன் தன் நுரையீரலால் கட்டப் போகிறான். மரபாக வந்த தொழில் என்று நாளைக்கு எழுதப்போகும் ஆய்வாளர் இந்தக் கடன் சீட்டையும் சேர்த்துப் பார்க்கட்டும். பையன் இப்போதைக்குப் பள்ளியில்தான் இருக்கிறான். அவன் அம்மா இரண்டு ஷிப்ட் போகிறார். அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

நம் மீதும் ஒரு குற்றச்சாட்டு

அரசை மட்டும் திட்டிவிட்டுப் போவது எளிது. நாம் என்ன செய்தோம்? அந்தச் சம்பவத்தன்று நானும் பிணவறை வாசலில்தான் நின்றேன். கோஷம் போட்டோம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வைத்தோம், இரண்டு குடும்பங்களுக்கும் இழப்பீட்டு உத்தரவு வாங்கினோம். அதே வளாகத்தில் வார்டில் படுத்திருந்த மூன்றாவது ஆளைப் போய்ப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயர் சாட்சியாக இருக்கிறது, பாதிக்கப்பட்டவராக இல்லை. அதை நாங்கள் படித்துப் பார்க்காமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம். இன்று அவர் மனு நிற்காததற்கு அந்த ஒரு வார்த்தையும் காரணம். இந்தத் தவறு எங்களுடையது.

ஆகவே இனி செய்ய வேண்டியது. இதைப் பகிருங்கள், கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: விஷவாயு தாக்கியது என்று தெரிந்ததும் ஒருவர் பிணவறைக்குப் போனால் ஒருவர் வார்டுக்குப் போக வேண்டும். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், "மயக்கம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "மலக்குழி வாயுவைச் சுவாசித்ததால்" என்று காரணமும், இடமும், வேலைக்கு அனுப்பியவர் பெயரும் இருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். தாமதமாக நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்தைச் சொல்லி, மூன்று நாளாவது கண்காணிப்பில் வைக்கக் கேளுங்கள்.

வழக்கு: முதல் தகவல் அறிக்கையில் பிழைத்தவரும் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகள் ஆபத்தான முறையில் சாக்கடை, மலக்குழி சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றமாக்குகின்றன. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். யாரும் சாக வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. இறக்கிவிட்டதே குற்றம்.

அடுத்த மாதங்கள்: ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக நோய்ப் பிரிவில் ஸ்பைரோமெட்ரி எடுக்க வையுங்கள். ஒவ்வொரு ஓ.பி. சீட்டையும் ஒரு கோப்பில் சேருங்கள். பிறகு 2023 தீர்ப்பின் ஊன இழப்பீட்டுப் பகுதியைக் குறிப்பிட்டு ஆட்சியரிடமும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவிடமும் மனு. "ஊனச் சான்றிதழ் எங்கே" என்றால், தீர்ப்பில் எந்த வரியில் அந்தச் சான்றிதழ் கேட்கப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றம்.

அரசிடம் நம் கோரிக்கை மூன்று. ஒன்று, விஷவாயு தாக்கிப் பிழைத்தவர்களையும் எண்ணி மாவட்டவாரியாக வெளியிடு. இரண்டு, ராஜஸ்தான் போல நுரையீரல் பாதிப்பைச் சான்றளிக்கும் மருத்துவக் குழுவைத் தமிழ்நாட்டில் அமை, மலக்குழித் தொழிலாளர்களை அதில் சேர். மூன்று, குழிக்குள் மனிதன் இறங்குவதை நிறுத்து. எந்திரம் வந்துவிட்டது என்று காட்சிக்கு வைக்காதே, லாரி போகிற ஒவ்வொரு சந்துக்கும் அனுப்பு.

மூன்றாவதுதான் முக்கியம் என்று சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிழைத்தவனுக்கும் விலை கொடுக்க வேண்டிய நாள் வராதவரை, மனிதனை இறக்குவதுதான் எந்திரத்தைவிட மலிவு என்று முதலாளிக்குத் தெரியும். இப்போதைய கணக்கில் செத்தால் மட்டும்தான் செலவு. சாகாதவரை லாபம்.

அண்ணனுக்குப் போன வாரம்தான் முதல்முறையாக ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். இரண்டு தடவை ஊதியதும் இருமல் வந்து நிறுத்திவிட்டார். மூன்றாவது தடவை ஊதினார். தாளில் வந்த எண்ணை மருத்துவர் விளக்கியபோது, "அப்ப நான் சும்மா சொல்லலைன்னு இதுல இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது அண்ணா. அந்தத் தாளோடு அடுத்த திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போகிறோம். உங்கள் ஊரிலும் ஒரு மற்றொருவர் இருப்பார். பழைய செய்தித்தாளின் கடைசி வரியில் தேடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

ஜெய் பீம்.